காது கேளாதவர் போன் பேச ரிலே: காசு யார் தருவது, கணக்கு யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி – 3 ஜூன் 2025

"காது கேளாதவர், வாய் பேச முடியாதவருக்கு டெலிபோன் ரிலே சேவையை அரசு தொடங்க வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. வாட்ஸாப் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது. நடுவில் ஓர் ஆளை உட்கார வைத்துப் பேச வைக்க மக்கள் பணத்தைக் கொட்ட வேண்டுமா? அமெரிக்காவில் இதிலேயே பெரிய மோசடி நடந்தது. இங்கே மட்டும் நடக்காதா?"

3 ஜூன், இரவு

செயலி இருக்கிறது, சரி. அதை தினமும் பயன்படுத்துகிற வீட்டிலிருந்து சொல்கிறேன். நேருக்கு நேர் பேச அது அருமையான சாமான். மருந்துக் கடையில் போனை நீட்டினால் கடைக்காரர் சொல்வது எழுத்தாக வந்துவிடும். ஆனால் பேச்சு போனில் நடக்கும்போது கதை வேறு.

என் தம்பி பையனும் அவன் மனைவியும் கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. போன மாதம் அவனுடைய ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது. கஸ்டமர் கேருக்கு போன் செய்தால்தான் திறப்பார்களாம். வங்கி வீடியோ காலில் வராது. வாட்ஸாப்பில் கேட்டால் அதே கஸ்டமர் கேர் நம்பரைத்தான் திருப்பி அனுப்புகிறது. சரி என்று இரண்டு போனை எடுத்து வைத்தான். ஒன்றில் அழைப்பு, ஸ்பீக்கரில். இன்னொன்றில் செயலி. "மலையாளத்துக்கு ஒன்றை அழுத்தவும்" என்பது எழுத்தாகி, அவன் படித்து, விரலை வைப்பதற்குள் "தவறான தேர்வு" என்று வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப அதே. கடைசியில் லைன் கட்.

அப்புறம் நான் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பெண். "கார்டு உங்கள் பேரிலா மேடம்?" இல்லை, பக்கத்தில் இருக்கிறார். "அவரைப் பேசச் சொல்லுங்கள்." அவருக்குக் காது கேட்காது, பேச்சு வராது. "அப்படியானால் நீங்கள் பேசலாம் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லட்டும் மேடம், ரெக்கார்ட் ஆக வேண்டும்."

எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

4 ஜூன், காலை

இரண்டு பேர் ரிலே என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டராக, அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவளாக இருந்தவள். பாலக்காடு மாவட்டத்தில்தான் முக்கால்வாசி சர்வீஸ். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓர் ஆபரேட்டர் உட்காருவார். காது கேளாதவர் தட்டச்சு செய்தால் அவர் அதை வாசித்துச் சொல்வார், எதிர்ப்பக்கம் பேசுவதைத் தட்டச்சு செய்து அனுப்புவார். இது பழைய முறை. காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964-இல் தந்திக் கருவி மாதிரி ஒரு தட்டச்சுப் பெட்டியைச் சாதாரண போன் லைனில் பேச வைத்தார். அதிலிருந்து தொடங்கியது. அடுத்து வீடியோ ரிலே. ஆபரேட்டர் சைகை மொழி தெரிந்தவர், திரையில் சைகை, காதில் ஹெட்செட். மூன்றாவது, வயதான பின் காது போனவர்களுக்கு. அவர்களால் பேச முடியும், கேட்கத்தான் முடியாது. எதிர்ப்பக்கப் பேச்சு அவர்கள் போன் திரையில் எழுத்தாக ஓடும். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இதற்கு ஒரு பகுதி ஒதுக்கினார்கள். 1993 ஜூலைக்குள் நாடு முழுக்க ரிலே ஓட வேண்டும் என்று உத்தரவு. 2001-இலிருந்து 711 என்று அழுத்தினால் போதும். பிரிட்டனில் 1991-இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் 1995-இல். நம் ஊரில் போன் நெட்வொர்க்கின் கடமையாக இன்றுவரை இல்லை.

4 ஜூன், மதியம்

"அக்கா, ட்ரங்க் கால் காலத்து ஆளா? லைட்னிங் கால் போடுங்க" என்று ஒரு தம்பி கிண்டல் பண்ணியிருக்கிறார். லைட்னிங் கால் என்றால் மற்ற அழைப்புகளை முந்திக்கொண்டு கிடைப்பது, அதற்குச் சாதாரண அழைப்பைப் போல எட்டு மடங்கு காசு தம்பி, உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், வீட்டில் சாவு விழுந்தால்கூட யோசித்துத்தான் புக் பண்ணுவார்கள்.

6 ஜூன்

இப்போது காசு.

அமெரிக்காவில் போன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு பொது நிதியில் போட வேண்டும். நிதியை நிர்வகிப்பது தனி நிறுவனம். ரிலே நடத்துகிற கம்பெனிகள் மாதாமாதம் இத்தனை நிமிடம் ஓட்டினோம் என்று கணக்குக் கொடுத்து, நிமிடத்துக்கு இவ்வளவு என்று அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். காது கேளாதவருக்கு ரிலே என்று தனியாக ஒரு பைசா செலவு இல்லை.

ஜப்பான் ரொம்ப நாள் தயங்கியது. நிப்பான் அறக்கட்டளை தன் காசில் நடத்திக் காட்டிய பிறகு 2020-இல் சட்டம் போட்டு, 2021 ஜூலை 1 முதல் பொதுச் சேவையாக்கினார்கள். இருபத்து நாலு மணி நேரமும், அவசர அழைப்புகளும் சேர்த்து. காசுக்கு அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு போன் நம்பருக்கு மாதம் ஒரு யென் அளவில் எல்லோர் பில்லிலும் சின்னதாக ஒரு கட்டணம். ஒரு யென் என்றால் நம் காசுக்கு அரை ரூபாய் பக்கம். பில்லைப் பார்க்கிறவர்களுக்கு "ஓ, இப்படி ஒன்று இருக்கிறதா" என்றும் தெரிந்துவிடும்.

கனடா 2016-இல் வீடியோ ரிலே தொடங்கியபோது ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் போகக்கூடாது என்று தொடக்கத்திலேயே உச்சவரம்பு கட்டிவிட்டது. பக்கத்து வீடான அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்து எச்சரிக்கையானவர்கள்.

நமக்கு? நாடு முழுக்க ஏறத்தாழ 115 கோடி மொபைல் இணைப்பு. ஜப்பான் மாதிரி வேண்டாம், இணைப்புக்கு மாதம் 10 பைசா என்று வைத்தாலே வருஷத்துக்கு 138 கோடி ரூபாய். ஆனால் அந்தப் 10 பைசாவும் புதிதாகக் கேட்கத் தேவையில்லை. 2002-இலிருந்தே போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் எல்லோருக்கும் போன் சேவை சேர வேண்டும் என்ற பெயரில் ஒரு நிதிக்குப் போகிறது. நீங்களும் நானும் ரீசார்ஜ் செய்கிற காசில்தான் அது வருகிறது. காது கேளாதவரும் ரீசார்ஜ் செய்கிறார், அவர் காசும் அதில் இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. 2024 ஆகஸ்டில் வந்த விதிகளில், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பின்தங்கியோருக்குச் சேவை தரும் திட்டங்களுக்கு இதைச் செலவழிக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறது. வசூலித்துச் செலவழிக்காமல் கிடந்த தொகையே பல பத்தாயிரம் கோடி.

ஆகவே "மக்கள் பணத்தைக் கொட்ட வேண்டுமா" என்று கேட்டவருக்கு: ஐயா, கொட்டி ரொம்ப நாளாகிவிட்டது.

7 ஜூன்

மோசடி. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, அவர் கேட்டது நியாயம்.

2009 நவம்பரில் அமெரிக்க அரசு 26 பேர் மேல் வழக்குப் போட்டது. வீடியோ ரிலேவுக்கு அப்போது நிமிடத்துக்கு ஆறு டாலருக்கும் மேல் கிடைத்தது. அடுத்த வருஷத்து விலைப்படிகூடச் சின்ன கம்பெனிக்கு 6.24 டாலர். நிமிடம் ஓடினால் பணம். அப்படியானால் நிமிடத்தை ஓட வைக்க வேண்டியதுதானே? ஆட்களுக்குக் காசு கொடுத்து அழைக்கச் சொன்னார்கள். பேச எதுவும் இல்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை, லைன் மட்டும் திறந்திருக்கும். கடிகாரம் ஓடும், நிதியிலிருந்து காசு வரும்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் காலத்தில் டிக்கெட் இருந்தது. கால் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதி அடுக்க வேண்டிய சின்னக் காகிதம். பில் வருவதே அதை வைத்துத்தான். டிக்கெட் எழுதாமல் வேண்டியவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு, எங்கே என்று சொல்லமாட்டேன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் நிமிடத்தைக் குறைத்தால் லாபம், அமெரிக்காவில் கூட்டினால் லாபம்.

இன்னொரு மோசடி இதைவிட விசித்திரம். இணையம் வழியாகத் தட்டச்சு ரிலே வந்ததும், வெளிநாட்டிலிருந்து திருடர்கள் காது கேளாதவர் போல நுழைந்து, திருடிய கிரெடிட் கார்டு நம்பரை வைத்து அமெரிக்கக் கடைகளில் சரக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஆபரேட்டருக்குச் சந்தேகம் வந்தாலும் சொன்னதைச் சொன்னபடி ஒப்பிக்க வேண்டும், அழைப்பை மறுக்க முடியாது, விதி அப்படி. பட்ட கடைக்காரர்கள் ரிலே என்று கேட்டாலே போனை வைக்கத் தொடங்கினார்கள். உண்மையான காது கேளாதவர் பீட்சா சொல்லக்கூட முடியாத நிலை. 2012-இல்தான் பதிவு சரிபார்க்காமல் யாரையும் விருந்தாளியாக உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அங்கே அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. சேவையை மூடவில்லை. நிமிட விலையை இறக்கினார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த மையம், எந்த ஆபரேட்டர் என்று எண்ணோடு பதிவு கேட்டார்கள். கம்பெனித் தலைவரே கணக்கு உண்மை என்று உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகம் பேசினால் பரிசு என்பதைத் தடை செய்தார்கள். உள்ளே வேலை பார்ப்பவர் தப்பைச் சொன்னால் பாதுகாப்பு. பயனாளர் பட்டியலை ஒரே தரவுத்தளத்தில் சரிபார்த்தார்கள். இவ்வளவும் நம்மிடம் முதல் நாளே செய்ய முடியும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் தனி எண் இருக்கிறது, அதை வைத்துப் பதிவு செய்தால் போதும்.

7 ஜூன், இரவு

"ஏஐ வந்துவிட்டது, ஆபரேட்டரே வேண்டாம்" என்பவருக்கு. எழுத்தாக ஓட்டுகிற வகைக்கு மனிதர் இல்லாமல் இயந்திரமே போதும் என்று அமெரிக்காவில் 2018-லேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த வகைக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு இன்னும் பழகவில்லை. பாதித் தமிழ், பாதி மலையாளம், நடுவில் கொங்குத் தமிழ் இழுப்பு. நான் ஊர்ப்பேராகக் கொழிஞ்சாம்பாறை என்றேன், திரையில் "கொழுந்தன் பாறை" என்று வந்தது. எனக்குக் கொழுந்தனார் இருக்கிறார், அவர் பேரில் பாறை எதுவும் கிடையாது.

சைகையிலிருந்து பேச்சுக்கு இயந்திரம் மாற்றுவது இதைவிடத் தூரம். சைகையில் கை மட்டும் இல்லை. புருவம், வாய், தோள் எல்லாம் இலக்கணம்.

10 ஜூன்

நாலாவது வகையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு. பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னக் கருவியைக் கழுத்தில் அழுத்திப் பேசுவார். ரோபோ மாதிரி ஒரே ஸ்வரத்தில் வரும். பழகினால் நன்றாகவே புரியும். நான் அவரோடு பால் சொசைட்டி அரசியல் முழுக்கப் பேசுவேன். காதுக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் போன் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா? எதிர்ப்பக்கம் இயந்திரம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். லோன் விற்கிற ரெக்கார்டு குரல்கள் தொல்லை வந்ததிலிருந்து இது ரொம்ப மோசம். ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்குப் போட்டபோது அந்தப் பக்கம் இருந்த பையன் சிரித்துவிட்டு "யாருடா விளையாடுறது" என்றான். பெரியவர் அப்புறம் போனைத் தொடுவதில்லை, மருமகளிடம் கொடுத்துவிடுகிறார். சிலிண்டருக்கு மருமகள் சரி. டாக்டரிடம் மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று சொல்லவும் மருமகளா?

இவர்களுக்காக இருப்பது பேச்சிலிருந்து பேச்சுக்கு ரிலே. இப்படிப்பட்ட குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்ற ஆபரேட்டர், அவர் சொன்னதை வரிக்கு வரி திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான். அமெரிக்காவில் 2001 முதல் கட்டாயம். பக்கவாதம் வந்தவர், திக்குவாய் உள்ளவர், மூளைவாதம் உள்ளவர் எல்லோருக்கும் இது உதவும். செலவும் குறைவு. கேமரா வேண்டாம், இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும். நம் ஊரில் ரிலே பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சைகை மொழியிலேயே நின்றுவிடுகிறார்கள், நானும் இந்த இழையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். 2011 கணக்கெடுப்பில் கேட்கும் குறைபாடு உள்ளவர் சுமார் 50.7 லட்சம், பேச்சுக் குறைபாடு உள்ளவர் சுமார் 20 லட்சம். அந்த 20 லட்சத்தை யாரும் கேட்பதே இல்லை.

11 ஜூன்

நிமிடக் கணக்கே வேண்டாம், இத்தனை இருக்கைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மோசடி இராதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி படுத்து யோசித்தால் அதிலும் ஓட்டை.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு மாதச் சம்பளம். நிறைய கால் போட்டாலும் அதே சம்பளம், குறைவாகப் போட்டாலும் அதே. என்ன ஆனது? புக்கிங் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். லைன் குறைவு என்பது உண்மை, ஆனால் எல்லாப் பழியையும் லைன் மேல் போட முடியாது. மொத்தத் தொகை கொடுத்தால் கம்பெனி ஆளைக் குறைக்கும். இதுவும் எனக்குக் கையில் பட்ட கணக்கு: ஓர் இருக்கை நாள் முழுக்க காலியாகாமல் இருக்க மூன்று ஷிப்ட், அதோடு வார விடுமுறை, லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து ஆள் வேண்டும். நாலு பேரை வைத்து ஓட்டிவிட்டு ஐந்து பேருக்குப் பணம் வாங்குவார்கள். ராத்திரி அழைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

அதனால் இருக்கைக்கு ஒரு தொகை, எடுக்கிற வேகத்துக்கு ஒரு நிபந்தனை. அமெரிக்காவில் தட்டச்சு ரிலேக்கு 85 சதவீத அழைப்பை 10 விநாடிக்குள் எடுக்க வேண்டும். வீடியோ ரிலேக்கு 80 சதவீதம் 120 விநாடிக்குள். தவறினால் பணம் போச்சு. இன்னொரு விதியும் நல்லது: எடுத்த ஆபரேட்டர் குறைந்தது பத்து நிமிடமாவது மாறாமல் இருக்க வேண்டும். ஒருவர் நடுவில் எழுந்து இன்னொருவர் உட்கார்ந்தால் பேச்சின் இழை அறுந்துபோகும். இதை எழுதியவர் யாரோ ஆபரேட்டர் வேலை தெரிந்தவர்.

12 ஜூன்

"ஏற்கெனவே இருக்கிறதே, தெரியாமல் எழுதுகிறீர்கள்" என்று ஒருவர். தெரியும் ஐயா. 2023 செப்டம்பரில் சைகை மொழி நாளையொட்டி, டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வாட்ஸாப் வீடியோ கால் வழியாக ரிலே தொடங்கியது. நல்ல தொடக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் அதை நடத்துவது ஒரு பயிற்சி மையம். போன் கம்பெனிகளுக்கு அதில் கடமை கிடையாது, 711 மாதிரி சின்ன நம்பர் கிடையாது, எதிர்ப்பக்கம் வங்கி எடுத்துப் பேசியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

14 ஜூன்

எல்லை விவகாரம். சென்னையில் இருப்பவர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வேலந்தாவளத்தில் தையல் கடை கேரளாவில். ரோட்டைத் தாண்டி டீக்கடை தமிழ்நாட்டில். போன் சிக்னல் எந்தப் பக்கத்து டவருக்குப் போகும் என்பது மழை, காற்று, நீங்கள் நிற்கிற திண்ணை எல்லாவற்றையும் பொறுத்தது. அவசர உதவிக்கு 112 அழுத்தினால் சில நேரம் இந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறை, சில நேரம் அந்தப் பக்கம். காது கேட்கிறவர் "நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா" என்று சொல்லி மாற்றிவிடச் சொல்வார். கேளாதவர்? போன மழைக்காலத்தில் கடைக்கு எதிரே பைக்கும் பால் வண்டியும் மோதிக்கொண்டன. முதலில் பார்த்தது தம்பி பையன்தான். கையில் போன் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை, டீக்கடைக்கு ஓடி ஆளை இழுத்து வந்தான்.

பிரிட்டனில் 2022 ஜூன் முதல் அவசர எண்ணான 999-க்கே சைகை மொழி வீடியோ இணைப்பு இருக்கிறது. செலவு போன் கம்பெனிகள் தலையில். அமெரிக்காவில் வீடியோ ரிலே பயனாளர் தன் முகவரியைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், அவசர அழைப்பு வந்தால் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்கே போகும். நமக்கு அதோடு மொழியும் சேர்கிறது. பாலக்காட்டு ஆஸ்பத்திரி மலையாளம் பேசும், பொள்ளாச்சி ஆஸ்பத்திரி தமிழ் பேசும், வங்கி இங்கிலீஷும் இந்தியும் பேசும். சைகை தெரிந்து, தமிழும் மலையாளமும் காதில் ஏறுகிற ஆபரேட்டர் வேண்டும். கோயம்புத்தூரிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் மையத்தில் ஒரு மொழி ஆளை மட்டும் வைத்து "தெற்கு மண்டலம்" என்று போர்டு மாட்டினால் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு, இரண்டுக்கும் தனித்தனிச் சைகை மொழி என்று தொடக்கத்திலேயே சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள்.

ஆள் எங்கே என்றால், இரண்டு வருஷ சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ இருக்கிறது. படித்தவர்கள் குறைவு, படித்தாலும் நிரந்தர வேலை இல்லை. நிதியின் முதல் செலவு இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளமாக இருக்கட்டும். எல்லைத் தாலுகாக்களில் காது கேளாத அப்பா அம்மாவுக்குப் பிறந்து, சைகையைத் தாய்மொழியாகப் பேசி, இரண்டு மாநில மொழியும் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பி பையனின் மகளே அப்படித்தான். எட்டு வயசு. இப்போதே அவள்தான் அந்த வீட்டு ரிலே. மின்சார ஆபீசுக்கு போன் போட்டு "எங்க அப்பா சொல்றாங்க" என்று தொடங்குவாள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்பதை டாக்டர் வாயிலிருந்து முதலில் கேட்டதும் அவள்தான்.

15 ஜூன்

மேற்பார்வை யார் என்று கேட்டால் எல்லோரும் "ட்ராய்", அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்கிறீர்கள். போன் கம்பெனியை ட்ராய் பார்க்கலாம். வங்கியை? ஆஸ்பத்திரியை? மின்சார ஆபீசை? ரிலே ஆபரேட்டர் நல்ல தமிழில் "வணக்கம், நான் ரிலே சேவையிலிருந்து பேசுகிறேன்" என்று சொன்னவுடனே வங்கி "கார்டுக்காரர் வாயால் சொல்லட்டும்" என்றால் எல்லாம் வீண். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.

நிதியைவிட இதுதான் கடினமான பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகளிலேயே ஒரு வரி இருக்கிறது: அரசு அலுவலகமோ கடையோ, ரிலே வழியாக வரும் அழைப்பை மற்ற அழைப்புகளை எடுப்பது போலவே எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரே வரி. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தகவல் தொடர்பு வசதி பற்றிய பிரிவு இருக்கிறது, ஆனால் ரிலே அழைப்பை மறுத்தால் என்ன என்று அதில் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதி கிடைப்பது வாழும் உரிமையின் பகுதி, வாடிக்கையாளரை அடையாளம் காணும் கேஒய்சி முறைகளை மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடியதாக்குங்கள் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போட்டது. கண்ணைச் சிமிட்டச் சொல்கிற கேஒய்சி அவர்களுக்கு முடியாது என்றால், வாயால் சொல்லச் சொல்கிற கேஒய்சி தம்பி பையனுக்கு எப்படி முடியும்? ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்: பதிவு பெற்ற ரிலே வழியாகப் பயனாளர் தரும் ஒப்புதல் அவரே தந்த ஒப்புதல்.

வழக்கறிஞர்கள் யாராவது படித்தால் இந்த வாக்கியத்தைச் செதுக்கிக் கொடுங்கள். எனக்கு டிக்கெட் எழுதத்தான் தெரியும்.

18 ஜூன்

"ஆபரேட்டர் நம் ரகசியத்தையெல்லாம் கேட்பாரே" என்று ஒரு அக்கா பயந்திருக்கிறார். எங்கள் காலத்தில் ஊரில் யாருக்கு யாரோடு பேச்சு என்று எங்களுக்குத் தெரியாததா? வாயைத் திறந்தால் வேலை போகும், அவ்வளவுதான். ரிலேயில் விதி அதைவிடக் கடுமை. அழைப்பு முடிந்ததும் பேசியது எதையும் வைத்திருக்கக் கூடாது, கூட்டவோ குறைக்கவோ கூடாது. காதல் பேச்சோ கடன் பேச்சோ, வசவாக இருந்தால் வசவையும் அப்படியே.

இதில்தான் மேற்பார்வைக்குச் சிக்கல். எங்கள் பின்னால் சூப்பர்வைசர் இருந்தார், நினைத்தபோது லைனில் காதை வைப்பார். ரிலேயில் அப்படிக் காதை வைத்தால் ரகசியம் போச்சு. உள்ளடக்கத்தைப் பார்க்காமல் தரத்தை எப்படிப் பார்ப்பது? சோதனை அழைப்புதான் வழி. மேற்பார்வை செய்கிறவர்களே பயனாளர் மாதிரி பதிவு செய்து, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் ஓணத்தன்றும் பொங்கலன்றும் அழைத்துப் பார்க்க வேண்டும். சோதிக்கிறவர் காது கேளாதவராகவே இருக்க வேண்டும். சைகை தெரியாத அதிகாரி வீடியோவைப் பார்த்து "கை நன்றாக ஆடுகிறது" என்று எழுதிவிட்டுப் போவார்.

அமெரிக்க நிதிக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதில் பயனாளர்களுக்கு இடம், பணம் கட்டுகிற கம்பெனிகளுக்கு இடம், சேவை நடத்துகிறவர்களுக்கும் இடம். நம் குழுவில் பாதிக்கு மேல் பயனாளர்களாக இருக்கட்டும். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தனி இடம், மறந்துவிடக் கூடாது.

உன்னை அந்தக் குழுவில் போட்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று நேற்று தம்பி பையன் மனைவியிடம் கேட்டேன். என் சைகை ஓட்டை, பாதி காகிதத்தில் எழுதித்தான் கேட்டேன். பணம், நிமிடம் எதையும் அவள் சொல்லவில்லை. ஆபரேட்டரின் சட்டையைப் பார்ப்பேன் என்றாள். கட்டம் போட்டதும் பூப்போட்டதும் ஆகாது, கை விரல் அதில் கலந்துவிடும், தோல் நிறத்துக்கு எடுப்பாகத் தெரிகிற ஒரே நிறத் துணி வேண்டும். அப்புறம் விளக்கு முன்னாலிருந்து முகத்தில் விழுகிறதா, பின்னாலிருந்தா. பேசும்போது கண் கேமராவில் இருக்கிறதா, பக்கத்துத் திரையில் வேறு எதையாவது படிக்கிறாரா. நிறைய மோதிரம், பளபளக்கிற வளையல் வேண்டாம்.

சட்டை விஷயத்தில் டெண்டர் வந்தால் தானே தைத்துக் கொடுப்பேன் என்றும் சொன்னாள். அது ஆதாய முரண் ஆகிவிடும், குழுவில் இருந்துகொண்டு தைக்கக் கூடாது என்று எழுதிக் காட்டினேன். அப்படியானால் குழு வேண்டாம், டெண்டர் போதும் என்கிறாள்.